மழை பெய்த மறுநாள் அந்தப் பாதைக்குப் போகாதே

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, நாட்டிங்காமில் இருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். தேனிப் பக்கத்துப் பையன். "அண்ணே, ட்ரெயில் பைக் வாங்கிட்டேன். மேப்ல பச்சைப் புள்ளி போட்டு ஒரு பாதை இருக்கு. நாளைக்குப் போலாமா?"

எந்தப் பாதை என்று கேட்டேன், சொன்னான். எனக்குத் தெரிந்த பாதைதான்.

"போலாம்டா, தடை எதுவும் இல்ல. ஆனா நாளைக்குப் போகாத."

"ஏண்ணே?"

"நாலு நாளா மழை."

அவனுக்கு வருத்தம். மழைக்குப் பயந்தால் இங்கிலாந்தில் எப்போது வண்டி ஓட்டுவது என்று கேட்டான். எனக்கு அவனைப் பற்றிய பயம் இல்லை, பாதையைப் பற்றிய பயம். அதைப் போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கடந்த சில வருடங்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கே பைக்கும் ஜீப்பும் வாங்கி மண்பாதைகளைத் தேடுகிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

நான் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனை லேப்பில் வேலை பார்க்கிறேன். வந்து இரண்டு வருடம் கழித்து, உடன் வேலை பார்த்தவர் ஒருவர் தன் பழைய 250 சி.சி. ஹோண்டாவை எனக்கு விற்றார். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் தார் முடிந்தது. சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர் இரண்டு பக்கமும், நடுவில் புல் முளைத்த மண்பாதை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள். மேலே ஏற ஏற மரங்கள் குறைந்து, கடைசியில் வானமும் பழுப்புப் புல்லும் மட்டும். என் தாத்தா மாட்டு வண்டி ஓட்டிப் போன பாதை நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. இந்த ஊரில் எனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது அன்றைக்குத்தான். இந்தப் பாதைகளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பது தெரியாமல் கீழே நான் சொல்லப்போவதைப் படிக்க வேண்டாம்.

கிரீன் லேன் என்பது சட்டத்தில் இருக்கும் சொல் இல்லை. தார் போடாத பழைய பாதைகளை மக்கள் அப்படி அழைக்கிறார்கள், அவ்வளவுதான். நம் வழக்கில் வண்டிப்பாதை. ஒரு கிரீன் லேனில் யார் போகலாம் என்பதை அதன் தோற்றத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அகலமாக, சக்கரத் தடத்தோடு இருக்கும் பாதை நடப்பவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். புதர் மூடிய ஒற்றையடிப் பாதையில் லாரி போகச் சட்டம் அனுமதிக்கலாம். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடக்க மட்டும். நீல அம்பு என்றால் பிரைடில்வே, குதிரையும் சைக்கிளும் சேர்த்து. ஊதா அம்பு இருந்தால் குதிரை வண்டி வரைக்கும் போகலாம், மோட்டார் கூடாது. சிவப்பு அம்பு மட்டும்தான் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே. மற்ற மூன்றிலும் மோட்டார் வண்டியை ஓட்டுவது 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

தம்பி பார்த்த பச்சைப் புள்ளி இதில் எதிலும் சேராது. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு 'பொது அணுகல் உள்ள பிற வழி' என்று பொருள். பெரும்பாலும் கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்தின் தெருப் பட்டியலில் இருக்கும் பழைய சாலைகள். பட்டியலில் இருந்தால் கவுன்சில் செலவில் பராமரிக்க வேண்டிய பாதை என்று ஆகிறது. மோட்டாருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அப்போதும் தனியாக நிற்கும். கவுன்சிலின் பாதைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு நாளில் பதில் வந்தது, ஒருமுறை ஏழு வாரம் ஆனது. ஏழு வாரமும் காத்திருந்தேன். அந்தப் பதிலை அச்செடுத்துப் பையில் வைத்திருப்பதால் வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட முடிகிறது.

இவ்வளவு குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2006 வரைக்கும், ஒரு பாதையில் அந்தக் காலத்தில் குதிரை வண்டி போனது என்று பழைய ஆவணங்களால் நிரூபித்தால் போதும், மோட்டாருக்கும் அதே உரிமை வந்துவிடும். அந்த வருடம் மே 2-ஆம் தேதி இங்கிலாந்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, பதிவாகாத மோட்டார் உரிமைகளைச் சில விதிவிலக்குகளோடு அழித்துவிட்டது. வேல்ஸில் அதே வருடம் நவம்பரில். நடப்பவர்களுக்கு அது நிம்மதி, வண்டிக்காரர்களுக்கு ஆறாத காயம். இங்கிலாந்தில் பதிவான பொது வழிகள் ஏறக்குறைய 1,17,000 மைல். அதில் எல்லா வண்டிக்கும் திறந்த பைவே 2,300 மைல் அளவில்தான், நூற்றில் இரண்டு. அந்த இரண்டிலும் கைவைக்கிறார்களே என்பது எங்கள் தரப்பின் புலம்பல். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் பல காலம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

மூன்றாவது வருட நவம்பரில் எங்கள் குழு ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு பைக். நான் மூன்றாவது. திருப்பத்தில் ஒரு பெண்மணி குதிரையில் வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் போனவர் வேகத்தைக் குறைத்தார், ஆனால் நிற்கவில்லை. இரண்டாமவரும் அப்படியே. இரண்டு எஞ்சின் தாண்டியதும் மூன்றாவதாக நான் வருவதைப் பார்த்துக் குதிரை முன்னங்காலைத் தூக்கிவிட்டது. அவர் விழவில்லை, சுவரோடு சாய்ந்து எப்படியோ இறங்கிவிட்டார். எஞ்சினை அணைத்து ஓடினேன். ஹெல்மெட்டோடு ஓடினேன், அதைப் பார்த்துக் குதிரை இன்னும் மிரண்டது. அவர் கத்தவில்லை. கடிவாளத்தைப் பிடித்த கை நடுங்கியது. "ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், அதனோடு பேசுங்கள், நீங்கள் மனிதர் என்று அதற்குத் தெரியட்டும்" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் தமிழில் பேசினேன். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று. அது அடங்கியது.

அன்று நாங்கள் ஒரு சட்டத்தையும் மீறவில்லை. பாதை பைவே. வண்டிக்கு வரி, காப்பீடு, எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சான்று எல்லாம் இருந்தது. அந்தப் பெண்மணி வீட்டுக்கு நடந்தே போனார் என்பதை மறுபடியும் மறுபடியும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு குதிரையைத் தொலைவில் பார்த்ததுமே ஓரமாக நின்று எஞ்சினை அணைத்துவிடுகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சொல்வேன். குதிரை நன்றாகத் தாண்டி, ஓட்டுபவர் கையசைத்த பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்வேன். 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிநூல், குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைல் வேகத்தைத் தாண்டாதே, 2 மீட்டர் இடைவெளி விடு என்கிறது. மண்பாதையில் 2 மீட்டருக்கு இடமே இருக்காது, அதனால் நிற்பதுதான் வழி. சட்டம் சொல்லாவிட்டாலும், குழுவும் ஆறு வண்டிக்கு மேல் கூடாது. ஆறுகூட எனக்கு அதிகமாகத் தெரிகிறது. நான் இப்போது நான்கோடு நிறுத்திக்கொள்கிறேன். முதல் வண்டிக்காரர் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எதிரே வருபவரிடம் விரல் காட்டிச் சொல்ல வேண்டும். இத்தனை எளிய விஷயம் எவ்வளவு கோபத்தைத் தணிக்கிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வருடம் அதே பாதைக்கு மோட்டார் தடை போட வேண்டும் என்று முன்மொழிவு வந்தது. போக்குவரத்து ஒழுங்கு ஆணை, இங்கே எல்லோரும் டி.ஆர்.ஓ. என்பார்கள். கவுன்சிலிடம் மட்டும் இருந்த அந்த அதிகாரம் 2006 சட்டத்தின் மூலம் தேசியப் பூங்கா ஆணையங்களுக்கும் கிடைத்தது. 2014-இல் மட்டும் பீக் டிஸ்ட்ரிக்டில் சேப்பல் கேட், ரோய்ச், லாங் காஸ்வே என்று மூன்று பெரிய பாதைகள் மோட்டாருக்கு மூடப்பட்டன.

கிராம மண்டபத்தில் கூட்டம். எழுபது நாற்காலி போட்டிருந்தார்கள், போதவில்லை. 2,300 மைல் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். என் முறை வருவதற்குள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். முதலில் பேசிய விவசாயி பைக் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டு வயலுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற பாதை அது. தடங்கள் முட்டளவு ஆழமாகித் தண்ணீர் நிற்பதால் டிராக்டரின் இழுவை வண்டி தரை தட்டுகிறது, பிப்ரவரியில் ஆடுகளுக்குத் தீனி கொண்டுபோக முடியவில்லை என்றார். ஒரு முதியவர், 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறியவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்றார். நடக்கும் உரிமைக்காகச் சிறைக்குப் போனவர்கள் இருந்த கூட்டம் அது. அப்பா தேடிப் போனது அமைதியை, அந்த அமைதியை இப்போது எங்கே தேடுவது என்று கேட்டார். இன்னொருவர் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடியாதவர். பழைய லேண்ட் ரோவரில் அந்தப் பாதை வழியாக மேலே போய் உட்கார்ந்து வானம் பார்ப்பதுதான் தனக்கு மிச்சம் இருக்கிற மலை என்றார். அவர் பேசியபோது மண்டபம் முழுக்க நிசப்தம்.

பூங்கா அதிகாரி 1995 சுற்றுச்சூழல் சட்டத்தைச் சொன்னார். இயற்கையைக் காப்பதும் மக்கள் வந்து ரசிப்பதும் மோதினால், காப்பதற்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்பது தேசியப் பூங்காக்களின் விதி.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, இது எங்கள் உரிமை, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று கத்தினார். நாற்பது பேரின் முகம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாதையை உண்மையில் நாசமாக்கியவர்கள் அந்த மண்டபத்தில் இல்லவே இல்லை. நம்பர் பிளேட் இல்லாமல், வெள்ளிக்கிழமை இரவில் வந்து, சேற்றைக் கிளப்பிப் படம் எடுத்துப் போகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பிறருக்குத் தொல்லையாக வண்டி ஓட்டினால் வண்டியைப் பறிமுதல் செய்ய 2002-ஆம் ஆண்டுச் சட்டம் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. மலைக்கு வர இரவில் போலீஸ்தான் இல்லை. அவர்கள் செய்ததற்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் உண்டு.

கோர்ட் என்று சொன்னாரே, அந்த வரலாற்றையும் சொல்கிறேன். சேப்பல் கேட்டில் முதலில் சோதனை முறையில் தற்காலிகத் தடை போட்டார்கள். பைக்காரர்களின் அமைப்பான ட்ரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப் வழக்குப் போட்டு, 2012-இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. இரண்டே வருடத்தில் நிரந்தரத் தடை வந்தது. இன்னொரு தேசியப் பூங்காவான லேக் டிஸ்ட்ரிக்டில் நேர் எதிர். ஹை டில்பர்த்வெயிட், ஹை ஆக்ஸன் ஃபெல் பாதைகளை மூட வேண்டும் என்று பெரிய இயக்கமே நடந்தது. 2019-இல் பூங்கா ஆணையம் மூட மறுத்தது. எதிர்த்துப் போட்ட வழக்கு 2020-இல் தள்ளுபடியானது. அங்கே வென்ற பக்கமும் நிம்மதியாக இல்லை. நீதிமன்றம் ஆணை சரியாகப் போடப்பட்டதா என்று பார்க்கிறது. பாதையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

தண்ணீரைப் பற்றி எனக்குக் கற்றுத் தந்தவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த, சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. தடை வேண்டும் என்று பேசியவர். வெளியே வரும்போது, "அடுத்த ஞாயிறு மண்வெட்டி எடுத்து வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்றார். நானும் இன்னும் இருவரும் போனோம். கீழிருந்து மேலே நடந்தபடியே காட்டினார். பாதையைக் கெடுப்பது சக்கரம் என்று நினைத்திருந்தேன். சக்கரம் தொடங்கிவைக்கிறது, முடிப்பது தண்ணீர். ஈர மண்ணில் டயர் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்கு அந்தக் கோடுதான் ஓடை. ஓடை சிறு கற்களை அள்ளிப் போகிறது, பெரிய கற்கள் ஆடத் தொடங்குகின்றன. வண்டிக்காரர்கள் குழியைத் தவிர்த்து ஓரத்தில் ஏறுகிறார்கள், நடப்பவர்களும் அப்படியே. பாதை அகலமாகிப் புல்கரை சாகிறது. சுண்ணாம்புக்கல் பகுதியில் இது மெதுவாக நடக்கும். மேட்டு நிலத்தின் பீட் என்னும் கறுப்பு மண்ணில் ஒரே குளிர்காலம் போதும், அந்த மண் மறுபடி உருவாக நூற்றாண்டுகள் ஆகும். இரண்டு டன் ஜீப் செய்வதும் 120 கிலோ பைக் செய்வதும் ஒன்றல்ல. ஆனால் சரிவில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டால் பைக்கும் கலப்பைதான்.

பழைய ஆட்கள் பாதையின் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பதினோரு இடத்தில் அப்படி இருந்தது. ஒன்பது அடைபட்டுக் கிடந்தது, இலையும் சேறும் மூடி. அன்று நாங்கள் நான்கு பேர் மூன்றைத் திறந்தோம். நான் அத்தனை வருடம் அவற்றின் மேல் ஓட்டிப் போயிருக்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை.

பிறகு ஒன்றரை வருடம், மாதம் ஒரு ஞாயிறு. குதிரைக்காரர்கள் வந்தார்கள், அந்த விவசாயி டிராக்டரில் கல் கொண்டுவந்து கொட்டினார். தடையைக் கேட்டவர்களில் சிலர் கடைசிவரை மனம் மாறவில்லை, அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆணை வந்தது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை எல்லா மோட்டாருக்கும் தடை. கோடையில் பைக்குக்கு அனுமதி, நான்கு சக்கரத்துக்கு வருடம் முழுவதும் கிடையாது. நடக்க முடியாதவர்களின் வண்டிக்கு விலக்கு உண்டு என்றாலும் விதியில் வரும் ஊனமுற்றோர் வண்டி சாதாரண லேண்ட் ரோவரைக் குறிப்பதில்லை. வானம் பார்க்கப் போன அந்தப் பெரியவர் இப்போது போவதில்லை. அந்த ஆணையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் அதுதான். அனுமதிச் சீட்டு முறையில் அவருக்கு ஒரு வழி செய்திருக்கலாம்.

லாங் காஸ்வே பற்றிக் கேட்டால், மூடியது சரி என்பேன். நான் பைக் வாங்கும் முன்பே மூடிவிட்டார்கள், நடந்துதான் போயிருக்கிறேன். ஸ்டானேஜ் பாறை விளிம்பின் மேல், பொதி குதிரைகள் நடக்கப் போட்ட கற்பலகைகள் அங்கே இருக்கின்றன. குளம்புகள் தேய்த்த பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. அதன் மேல் என் டயர் ஏறுவதை நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னதிலிருந்து குழுவில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை.

தம்பிக்கு மிச்சம் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முந்தின நாள் அந்தப் பாதைக்குத் தற்காலிகத் தடை எதுவும் வந்திருக்கிறதா என்று கவுன்சில், பூங்கா இரண்டின் அறிவிப்பையும் பார். வாசலில் ஒட்டிய காகிதம் மழையில் கிழிந்துபோயிருக்கும், தடை இருக்கும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடு, திறந்திருந்தால் திறந்தே. ஆடுகள் குட்டி போடும் வசந்தத்தில் உருட்டிக்கொண்டு போகிற வேகம் போதும். சைலன்ஸரை மாற்றாதே. கடையில் சத்தமான ஒன்றைக் காட்டி ஆசை காட்டுவார்கள், ஒரு மைல் தூரத்தில் இருக்கும் வீட்டுக்காரரும் உன்னை வெறுக்க அது ஒன்றே காரணமாகிவிடும். பாதையின் பெயரோடு வீடியோ போடாதே. ஒரு வீடியோவுக்குப் பிறகு ஒரே மாதத்தில் குலைந்துபோன பாதையை நான் பார்த்திருக்கிறேன். தடை முன்மொழிவு வந்தால் கருத்துச் சொல்லும் நாட்களைத் தவறவிடாதே, அதில் உரிமையை மட்டும் எழுதாமல் எந்த வளைவில் எந்த வடிகால் அடைபட்டிருக்கிறது என்று எழுது. அப்படி எழுதிய கடிதத்தைத்தான் அதிகாரி ஒருவர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்.

மழைக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்பாய். நாள் கணக்கு இல்லை. பாதையின் தொடக்கத்தில் வண்டியை நிறுத்தி உள்ளே இருநூறு அடி நட. பூட்ஸின் குதிகால் புதைந்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊறினால் திரும்பிவிடு.

மே கடைசியில் அவனைக் கூட்டிப்போனேன். பத்து நாள் வெயில், தரை இறுகியிருந்தது. பாதி ஏற்றத்தில் அவன் நின்றான். குறுக்குக் கல் ஒன்றின் வாயில் இலை அடைத்திருந்ததைக் கவனித்துவிட்டான். வண்டியைச் சாய்த்துவிட்டுக் கையாலேயே வாரினான், மேலே தேங்கியிருந்த கொஞ்சம் நீர் சலசலவென்று வாய்க்காலுக்கு இறங்கியது.

"அண்ணே, நம்ம ஊர் மடை மாதிரியே இருக்குண்ணே" என்றான்.

மேலே இன்னும் இரண்டு அடைபட்டிருக்கிறது என்றேன். பைக்குகளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம்.